கண்மாய்க்கு ஒரு ஆள் வேண்டும்

தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வைகைக் கடைமடைப் பக்கம், சிவகங்கை மாவட்டமும் ராமநாதபுரம் மாவட்டமும் தொட்டுக்கொள்கிற இடத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. கண்மாய்ப் பாசனம். கொஞ்சம் மேட்டில் முக்கால் ஏக்கர் மிளகாய்க் காடு. கிணறு கிடையாது, போர் கிடையாது. போர் போட்டாலும் உப்புத்தண்ணீர்தான் வரும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். தமிழ்நாட்டில் உள்ள ஒவ்வொரு பாசன ஏரிக்கும், ஒவ்வொரு கண்மாய்க்கும், சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போடுங்கள். மடையைத் திறக்க, மூட, வரத்துக் கால்வாயை நடந்து பார்க்க, தண்ணீரைப் பங்கு பிரிக்க ஒரு ஆள். புது அணை கேட்கவில்லை. புதுக் கால்வாய் கேட்கவில்லை. ஒரு ஆள்தான் கேட்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் நகரத்துத் தொகுதிக்காரர்களாக இருப்பீர்கள். அவர்களுக்காக முதலில் எங்கள் ஊரில் 2021-இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க இயல்பைவிட ஏறக்குறைய அறுபது சதவீதம் கூடுதலாகப் பெய்தது. சென்னையில் தெருவெல்லாம் வெள்ளம் என்று டிவியில் காட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் எங்கள் கண்மாய் நிறைந்தது. பல வருஷம் கழித்துக் கலுங்கில், அதாவது நிறைந்த கண்மாயின் உபரித் தண்ணீர் வழிகிற இடத்தில், மறுகால் விழுந்தது. ஊரே கரைமேல் போய் நின்று பார்த்தது. அப்பத்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "மடையை யாரு பாக்குறா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் கண்மாய்க்கு மூன்று மடை: மேலமடை, நடுமடை, கீழமடை. பழைய கல்மடைகளை எடுத்துவிட்டு ஏதோ ஒரு திட்டத்தில் மூன்றுக்கும் இரும்பு ஷட்டர் போட்டிருந்தார்கள். திருகு கம்பியைச் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. மூன்றுக்கும் பொதுவான கைப்பிடி அது. ஷட்டர் போட்ட வருஷம் யாரோ ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் கண்மாய் நிறையவே இல்லை என்பதால் கைப்பிடியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகு தேடினோம். ஒரு வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கன்றுக்குட்டி கட்டும் முளையாகத் தரையில் அடித்திருந்தது.

பிடுங்கிக்கொண்டு வந்து மாட்டினால் திருகு அசையவில்லை. கிரீஸ் கண்டு எத்தனை வருஷமோ. மேலமடையும் நடுமடையும் மூடியபடியே இறுகிக் கிடந்தன. கீழமடை ஷட்டர் அடியில் ஒரு முழம் திறந்தபடி துருப்பிடித்து நின்றுவிட்டது. மூட முடியவில்லை. மணல் மூட்டை போட்டோம், வைக்கோல் பிரி திணித்தோம். வெளிப்பக்கம் என்ன செய்தாலும் நிற்காது, உள்வாயில் முங்கிப் போய்த்தான் அடைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கண்மாய் நிறைந்து பார்த்திராத பிள்ளைகள் எங்கே நீச்சல் பழகியிருப்பார்கள்? துணிந்து இறங்கிய இரண்டு பையன்களையும் அவர்கள் அம்மாமார் அழுது கூப்பிட்டு மேலே ஏற்றிவிட்டார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது.

கார்த்திகையில் நிறைந்த கண்மாய் மார்கழி முடிவதற்குள் வடிந்துவிட்டது. வடிந்த தண்ணீர் கீழக்காட்டு மிளகாய்க்குள் போய் நின்று செடியை அழுகவைத்தது. எங்கள் பக்கம் நெல்லைப் புரட்டாசியில் புழுதியில் விதைப்போம். மழையில் முளைத்து வளரும். தை மாதம் கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்குத்தான் கண்மாய்த் தண்ணீர் வேண்டும். அந்தத் தையில் கண்மாயில் சேறுதான் இருந்தது. பயிர் பாதி பதராகப் போனது. ஆக, வராது வந்த மழையில் மிளகாய் தண்ணீரில் போனது, நெல் தண்ணீர் இல்லாமல் போனது. ஒரே கண்மாய், ஒரே வருஷம்.

மழை குறைவு என்று அந்த வருஷத்தைச் சொல்ல முடியாது. கண்மாய் தூர்ந்துவிட்டது என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. தூர்ந்ததுபோக இருந்த கொள்ளளவுக்கே ஒரு போகம் தாராளமாக விளைந்திருக்கும். கைப்பிடியைக் கையில் வைத்திருக்க ஒரு ஆள் இல்லாததுதான் குறை.

அந்த ஆள் முன்பு இருந்தார். எங்கள் பக்கம் நீர்ப்பாய்ச்சி என்போம். வடக்கே நீர்க்கட்டி என்பார்கள், கம்புகட்டி என்றும் சொல்வதுண்டு. என் சின்ன வயதில் எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சிக்கு அறுபது வயதிருக்கும். ஆவணி கடைசியிலேயே மண்வெட்டியும் அரிவாளுமாகக் கிளம்பிவிடுவார். வரத்துக் கால்வாய் தலைப்பு எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். அதுவரைக்கும் நடந்து, எங்கே கரை இற்றிருக்கிறது, எங்கே முள் அடைத்திருக்கிறது, எந்த ஊர்க்காரர் குறுக்கே வாய்மடை போட்டிருக்கிறார் என்று பார்த்து வந்து எங்கள் அய்யாவிடமும் மற்ற பெரியவர்களிடமும் சொல்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். போகாத வீட்டுக்கு முறைத்தண்ணீர் கடைசியில்தான்.

பழைய கல்மடையை நான் பார்த்திருக்கிறேன். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண், நடுவே ஒரு பலகைக்கல், அடியில் தொட்டி. தொட்டியின் மேல் பக்கம் நீரோடித் துளை, தரையோடு சேறோடித் துளை. நல்ல தண்ணீர் மேல் துளையில் இறங்கும். கண்மாய் அடியில் தங்கும் வண்டல் சேறோடி வழியாகத் தண்ணீரோடு கரைந்து வயலுக்குப் போகும். கண்மாய் தன்னைத்தானே கொஞ்சம் தூர்வாரிக்கொள்ளும், வயலுக்கும் உரம். ஆனால் துளையை மூடியிருக்கும் அடைப்பானை எடுக்க, கண்மாய் நிறைந்து அலையடிக்கிற நேரத்தில் ஒருவர் நீந்திப் போய் மூச்சடக்கி முங்க வேண்டும். முங்கினவர் எல்லா நேரமும் திரும்பி வந்ததில்லை. மடைப்பக்கம் கும்பிடும் சாமிகளில் சில அப்படிப் போனவர்கள்தான் என்று அப்பத்தா சொல்வார்.

தண்ணீர் குறைவாக இருக்கும் வருஷத்தில்தான் நீர்ப்பாய்ச்சியின் வேலை முழுதாகத் தெரியும். கண்மாயில் கால்வாசி இருக்கிறது, முப்பது பேர் பயிர் காய்கிறது என்றால் யாருக்கு எவ்வளவு? அவர் ஒரு குச்சியை நட்டு நிழலை வைத்துக் கணக்குப் பண்ணுவார். ராத்திரி முறைக்கு அரிக்கேன் விளக்கோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார். பெரிய வீட்டு வயலுக்கும் விதவை அத்தை ஒருத்தியின் அரைக்காணிக்கும் ஒரே அளவு. அவருக்கு அந்த ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற வயல்களில், சொந்த நிலம் கிடையாது. அதனால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கை முதலில் அளந்து வைப்பார்கள்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊர்த் தண்ணீர் முழுவதையும் கையில் வைத்திருந்த அந்த மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. உட்கார விட்டதில்லை. ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்ததால்தான் அவருக்கு அந்த வேலை, அவர் மகனுக்கும் அதே வேலை என்று ஊர் விதித்திருந்தது. உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்குக் கூலி, விளைந்தால் நெல், விளையாவிட்டால் ஒன்றும் இல்லை. அவர் மகன் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். போனது சரி. அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பழைய முறை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் செய்த வேலை அவ்வளவு பெரிது, அதற்கு இந்த அரசு மாதச் சம்பளமும் அடையாள அட்டையும் காப்பீடும் கொடுக்க வேண்டும், எந்தச் சாதி ஆணும் பெண்ணும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்க வேண்டும் என்கிறேன்.

சரி, அந்த வேலை ஏன் இல்லாமல் போனது? சாதி மட்டும் காரணம் இல்லை. கிணறும் மோட்டாரும் வந்தன. எங்கள் ஊரில் வராவிட்டாலும் நல்ல தண்ணீர் உள்ள ஊர்களில் எல்லாம் வந்தன. 1960-களில் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம் சுமார் ஒன்பது லட்சம் ஹெக்டேர். பிறகு அது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கு மாநிலத்தின் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் கிணற்றுப் பாசனம். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் எல்லோருக்கும் 1990 வாக்கில் கிடைத்தது, இப்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் இருக்கின்றன. இலவச மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எத்தனையோ குடும்பம் நிலத்தை விற்றிருக்கும். ஆனால் சொந்தக் கிணறு உள்ளவருக்கு மடை எதற்கு, நீர்ப்பாய்ச்சி எதற்கு? வசதியுள்ள பத்துப் பேர் பங்கு நெல் தர மறுத்தால் மீதி இருபது பேர் மட்டும் எவ்வளவு தர முடியும்? அப்படித்தான் ஊருக்கு ஊர் அந்த ஆள் நின்றுபோனார். சில ஊர்களில் மடையை நிரந்தரமாக அடைத்தே விட்டார்கள். கண்மாயில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும் அல்லவா? கிணறு உள்ளவருக்கு அது லாபம். இல்லாதவருக்கு?

கடைசியில் கிணறும் ஏமாற்றுகிறது. 2017-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 மிகைநுகர்வு. மழை உள்ளே போடுவதைவிட மனிதர்கள் வெளியே எடுப்பது அதிகம் என்று அர்த்தம். நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-இல் இதே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் ரத்தானது. கிணறு ஊற வேண்டுமென்றாலும் ஏரி நிறைய வேண்டும். ஏரி நிறைய வரத்துக் கால்வாயை யாராவது பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் அந்த ஆள் இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

இந்தியாவின் நிலப்பரப்பில் நாலு சதவீதமும் மக்கள்தொகையில் ஆறு சதவீதமும் கொண்ட தமிழ்நாட்டுக்கு நாட்டின் நீர்வளத்தில் கிடைப்பது சுமார் இரண்டரை சதவீதம். இதை நம் அரசின் கொள்கை விளக்கக் குறிப்புகளே சொல்கின்றன. பெரிய ஆறுகளில் பல பக்கத்து மாநிலத்தில் பிறக்கின்றன. காவிரிக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் 404.25 டி.எம்.சி. என்று தீர்த்துச் சொன்ன பிறகும் ஒவ்வொரு ஆடிக்கும் மேட்டூர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் டெல்டா உட்கார்ந்திருக்கிறது. நம் கையில் முழுசாக இருப்பது வானத்திலிருந்து நேராக நம் மண்ணில் விழுகிற மழைதான். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழி வரை சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி என்று வெட்டி வைத்தார்கள். அரசுக் கணக்கில் பாசன ஏரிகள் 39,202.

இவை தனித்தனி ஏரிகள் இல்லை. ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து. வைகையில் பூர்வீகப் பாசனம் என்று 1,36,109 ஏக்கர் இருக்கிறது. அதை மூன்று பகுதியாகப் பிரித்து 2:3:7 என்று தண்ணீருக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள். பார்த்திபனூருக்குக் கீழே, ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை உள்ள மூன்றாம் பகுதிக்குத்தான் பெரிய பங்கு. காகிதத்தில் அப்படி. ஆற்றில் தண்ணீர் திறந்தால் மேலே உள்ள ஊர்க்காரர் தன் வாய்க்கால் வாயைத் தேவைக்கு மேல் ஒரு நாள் திறந்து வைத்தாலும் கீழே ஒரு கண்மாய் காயும். அந்த ஒரு நாளை யார் பார்ப்பது? பிரிக்கிற இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு ஆள் நின்றால்தான் உண்டு. போன வருஷங்களில் அந்த இடத்தில் நின்றது போலீஸ்தான். அதுவும் கைகலப்பு ஆன பிறகு.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். குடிமராமத்து என்று ஏரிகளையும் கண்மாய்களையும் சீரமைத்தோமே என்பீர்கள். செய்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2016–17-இல் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் என்று தொடங்கியது. அடுத்தடுத்த வருஷங்களில் பெரிதானது. பல ஊர்களில் கரை பலப்பட்டது, கலுங்கு சரியானது. வண்டல் மண்ணைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்கு அனுமதி கிடைத்ததும் நல்ல காரியம்தான். எங்கள் வயலுக்கும் நாற்பது டிராக்டர் அடித்தோம், இரண்டு வருஷம் விளைச்சலில் தெரிந்தது. ஆனால் பொக்லைன் வந்தது, வேலை முடிந்தது, போய்விட்டது. மறுவருஷம் சீமைக்கருவேலம் தளிர்த்தது, யாரும் வெட்டவில்லை. கண்மாய் என்பது ஒரு தடவை கட்டிமுடித்துத் திறப்புவிழா நடத்துகிற கட்டிடம் இல்லை. மாடு மாதிரி, தினம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாசனதாரர் சங்கம் இருக்கிறதே என்பீர்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தீர்கள். நல்ல சட்டம். சங்கத்துக்குத் தலைவர் உண்டு, உறுப்பினர் உண்டு. முங்கிப் போய் அடைப்பான் எடுக்கிறவர் சங்கத்தில் யார்? தலைவர்கள் கூட்டம் போடலாம், கையெழுத்துப் போடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வரப்பில் நிற்கிறவருக்குச் சங்கம் சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று பணம் வர வேண்டும். அது எங்கேயிருந்து வரும் என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அதற்கும் முந்தின சட்டம் 1858-இல் வெள்ளைக்காரன் போட்டது. கரை உடைந்தால் ஊரார் வந்து வேலை செய்தாக வேண்டும், வராதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்றது. ஊர் தானாகச் செய்துவந்ததைச் சட்டக் கட்டாயமாக்கினான். காவல் பார்க்கிறவருக்கு என்ன கொடுப்பது என்று அவனும் யோசிக்கவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி உங்களில் பலர் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். பராந்தக சோழன் காலத்து ஏரி வாரியம், குடவோலைத் தேர்தல். பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் அதில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான தேர்தல் அது, அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்த மடை எத்தனை நாள் திறந்தது, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது என்று நீர்ப்பாய்ச்சி ஒரு நோட்டில் எழுதி, மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபையில் படித்துக் காட்டட்டும். ஊரே கேள்வி கேட்கட்டும்.

பணக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். 39,202 ஏரிக்கும் சேர்த்தால் வருஷம் சுமார் 470 கோடி. சின்னத் தாங்கல்கள் இரண்டு மூன்றுக்கு ஒரே ஆள் போதும் என்பதால் இன்னும் குறையும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பீடு 14,400 கோடி, 262 கிலோமீட்டர். அந்தத் திட்டம் எங்கள் பக்கத்துக்குத்தான் வருகிறது. வரட்டும் என்றுதான் நானும் காத்திருக்கிறேன். ஆனால் காவிரிக்கரை மாயனூரிலிருந்து அத்தனை தூரம் கொண்டுவருகிற வெள்ளநீர் கடைசியில் எங்கள் கண்மாய்க்குள்தானே விழ வேண்டும்? அன்றைக்குக் கீழமடை திறந்து கிடந்தால் அதுவும் மிளகாய்க் காட்டுக்குள்தான் போகும். அந்தத் தொகையில் நூற்றுக்கு நாலு பங்குகூட வராத காசு, மொத்த மாநிலத்துக் கண்மாய்களுக்கும் ஒரு வருஷக் காவல்.

அந்த ஆளுக்கு என்னென்ன வேலை என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதுகிறேன். ஆவணியிலும் புரட்டாசியிலும் வரத்துக் கால்வாயைத் தலைப்பு வரை நடந்து பார்த்து ஆக்கிரமிப்பையும் அடைப்பையும் எழுதிக் கொடுப்பது. நாடு முழுக்க நீர்நிலைகளை முதன்முதலாகக் கணக்கெடுத்து 2023-இல் மத்திய அரசு வெளியிட்டதில் தமிழ்நாட்டில் 8,366 நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு என்று வந்தது. அது நீர்நிலைகளின் கணக்கு. கால்வாயில் உள்ளதை யார் எண்ணினார்கள்? எங்கள் கால்வாயில் ஒரு தார்ச்சாலை குறுக்கே போகிறது. பாலம் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிமெண்ட் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் அதில் குப்பையும் முள்ளும் அடைத்துத் தண்ணீர் பக்கத்து ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போய்விடுகிறது. அதை எடுத்துவிட ஒரு கொக்கிக் கம்பும் மழை பெய்கிற ராத்திரியில் அங்கே போகிற ஒரு ஆளும் போதும். அப்புறம் ஷட்டருக்கு வருஷம் இரண்டு தடவை கிரீஸ், கரையில் எலிவளையும் நண்டுவளையும் அடைப்பது, மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து, தண்ணீர் குறைந்தால் முறை வைப்பது. இது முழுநேர வேலை. நூறு நாள் வேலையில் ஒருவரைத் தற்காலிகமாகத் தள்ளிவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலையில் கண்மாயின் உள்வாயை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. எது வேலை, எது கணக்கு என்று தெரியும்.

ஆளை நியமிப்பதில் கட்சி புகுந்துவிடும் என்று எங்கள் ஊரிலேயே பயப்படுகிறார்கள். நியாயமான பயம். பெயரைக் கிராமசபை சொல்லட்டும். சம்பளம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பழைய வழக்கத்தில் இருந்த ஒரு நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இருக்கக் கூடாது. கிடைத்தால் பழைய நீர்ப்பாய்ச்சிகளில் உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டு ஆறு மாதம் புதியவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள், அதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். எங்கள் ஊர்க்காரர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் தெரிந்துவைத்திருந்தது எதையும் நாங்கள் எழுதி வைக்கவில்லை. எந்த மடையில் எத்தனை விரற்கடை திறந்தால் எத்தனை நாள் தண்ணீர் என்று இன்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சில மாவட்டங்களில் இன்னும் எண்பதைத் தொட்டவர்கள் இருப்பார்கள். அவர்களும் போய்விட்டால் எந்தப் பொறியாளர் வந்து சொல்வார்?

குடிதண்ணீரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எங்கள் பக்கம் வந்தால் நீங்களே பார்க்கலாம். நாலு குடம் உட்காரும்படி தட்டு அடித்த தள்ளுவண்டிகள் வீட்டுக்கு வீடு நிற்கும். காவிரிக் கூட்டுக்குடிநீர் குழாயில் வராத நாளில் பெண்கள் அதைத் தள்ளிக்கொண்டு பக்கத்து ஊர்க் குழாய்க்குப் போவோம். அங்கேயும் வராவிட்டால் வண்டியில் விற்க வருகிறவரிடம் குடத்துக்குக் காசு. எங்கள் ஊருணி கண்மாயிலிருந்து நிறைகிறது. கண்மாயில் தண்ணீர் நின்ற வருஷங்களில் அப்பத்தா அங்கேதான் தேற்றான்கொட்டையை உரசிய பானையில் தண்ணீர் தெளியவைத்துக் குடித்தார். 2021-இல் ஊருணி நிறைந்து ஆறு மாதம் எங்களுக்குத் தள்ளுவண்டி தேவைப்படவில்லை. கீழமடை மூடியிருந்தால் ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

வருகிற நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். எல்லா ஏரிக்கும் ஒரே நாளில் முடியாது என்றால் வைகைக் கடைமடைக் கண்மாய்களில் தொடங்குங்கள். தண்ணீர் எங்களிடம்தான் கடைசியாக வருகிறது, தப்பு எங்கே நடந்தாலும் எங்கள் வயலில்தான் தெரியும். இரண்டு பருவமழை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தக் கைப்பிடி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. துருவை மணல்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிப் பழைய துணியில் சுற்றி நெல்குதிர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆளைப் போட்டதும் சொல்லி அனுப்புங்கள், எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வைகைக் கடைமடைச் சம்சாரி ஒருத்தி